சித்தப்பா குரல்

மூன்றாவது ஸ்பீக்கரின் கடைசித் திருகாணியை முறுக்கி முடித்த பிறகும் நான் உடனே கிடாரைத் தொடவில்லை. தரையில் கிடந்த வாஷர்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன். ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்து உறையில் செருகினேன். போய்க் கை கழுவிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு நாற்பத்து மூன்று வயது ஆள் ஒருவன் இவ்வளவு ஒழுங்காக இருக்கிறான் என்றால் எதற்கோ பயந்துகொண்டிருக்கிறான் என்று அர்த்தம். அப்புறம் வேறு வழியில்லாமல் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியைப் போட்டு, அது சூடாகும்வரை காத்திருந்து, கிடாரின் ஆறாவது கம்பியை, இருப்பதிலேயே தடித்த அந்தக் கம்பியை, ஒரே ஒரு தட்டு தட்டினேன்.

அடிச்சத்தம் இல்லை. கம்பியின் உரசல் கேட்டது, நகம் பட்டது கூடக் கேட்டது. வயிற்றில் வந்து உட்கார வேண்டிய கனம் மட்டும் வரவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோவில் யாரோ கிடார் வாசிப்பது போல இருந்தது. மூன்று ஸ்பீக்கர், மூன்றும் வேறு வேறு, மூன்றிலும் ஒரே குறை. இனிமேல் ஸ்பீக்கரைக் குற்றம் சொல்ல முடியாது. மிச்சம் இருப்பது என் காதுதான்.

எங்கள் வீட்டு ஆண்களுக்குக் காது நிற்காது. அப்பாவுக்கு நாற்பதைத் தாண்டியதும் போக ஆரம்பித்தது. கடைசி வருஷங்களில் நாங்கள் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, அவர் தனியாக ஒரு சிரிப்பு சிரிப்பார். அண்ணனுக்கு நாற்பத்திரண்டில். அவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். ஒட்டிய தரையைச் சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போய், எங்கே உள்ளே பொந்து இருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார். ஒரு வீட்டில் அவர் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு வந்த குளியலறைத் தரையில் ஒரே மாதத்தில் நாலு டைல் உடைந்தது. வீட்டுக்காரர் கூப்பிட்டுக் கத்தினார். அண்ணன் திரும்பப் போய்த் தட்டிப் பார்த்தபோது பொந்தும் கெட்டியும் அவருக்கு ஒரே மாதிரி கேட்டது. அப்போதுதான் விஷயம் தெரிந்தது. ஊரில் எல்லாருக்கும் வயதானால் மெல்லிய சத்தம்தான் முதலில் போகும். எங்கள் குடும்பத்தில் எல்லாமே தலைகீழ், கனமான சத்தம்தான் முதலில் மூட்டை கட்டும். அதுவும் சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது, அப்படியே ஏமாற்றி ஏமாற்றிப் போகும் என்று அண்ணன் சொல்வார்.

எனக்கு நாற்பத்திரண்டு முடிந்த அன்று நான் யாருக்கும் சொல்லாமல் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வாரத்தில் ஆறு நாள் ஜெராக்ஸ் மெஷின் சர்வீஸ் செய்கிறேன். சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு குழுவோடு கிடார் வாசிக்கிறேன். கல்யாண வரவேற்பு, ஆபீஸ் ஆண்டு விழா, அந்த மாதிரி. எங்களை யாரும் கேட்கமாட்டார்கள், சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் மற்ற நாட்களில் நான் மனிதனாக இருக்கிறேன். போன மாதம் வேனில் ஏற்றும்போது மைக் ஸ்டாண்டின் கால் என் ஆம்பின் முன்துணியைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஸ்பீக்கர். வலது பக்கத்து ஸ்பீக்கரின் தாளில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஒரு ஸ்பீக்கர் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை.

மெஷினைப் பிரிப்பது எனக்குத் தொழில். என் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. எதைக் கழற்றினாலும் கழற்றுவதற்கு முன்னால் போனில் ஒரு போட்டோ எடுக்க வேண்டும், திரும்ப மாட்டும்போது போட்டோவில் இருந்தது போலவே மாட்ட வேண்டும். சொந்த மூளையை உபயோகிக்கக் கூடாது. இந்தச் சட்டத்தால் பதினேழு வருஷத்தில் எனக்கு ஒரு திருகாணி கூட மிஞ்சியதில்லை. ஸ்பீக்கருக்கும் அப்படியே எடுத்தேன். வலது முனையில் சிவப்பு ஒயர், இடது முனையில் கறுப்பு ஒயர். பளிச்சென்று ஒரு போட்டோ.

கடைக்குக் கிழிந்த ஸ்பீக்கரை மட்டும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனேன். ஸ்பீக்கர் கடைக்காரருக்கு ஒல்லி உடம்பு, உலகத்தில் இருக்கிற எல்லா ஸ்பீக்கரையும் உறவுமுறை சொல்லித்தான் கூப்பிடுவார். மேஜையில் ஒரே கம்பெனியின் நாலு மாடல்களை வரிசையாக வைத்து, ஒரு சுவிட்சைத் திருப்பித் திருப்பிக் கேட்கவிட்டார்.

"இது மாமியார் சார். எல்லாத்தையும் மேல இருந்தே பேசும், ஒரு வார்த்தை விடாது. இது சித்தப்பா. வயித்துலேர்ந்து பேசுவாரு, ஆனா சிரிச்ச முகம். இது பெரியப்பா, காந்தத்தோட கனத்தைப் பாத்தீங்களா, வீடே அதிரும். இது புது மாப்பிள்ளை. கேட்டாத்தான் பேசுவாரு."

எனக்கு முதல் கேட்பிலேயே சித்தப்பாவைப் பிடித்துவிட்டது. மாமியாரைக் கிட்டேயே சேர்க்கவில்லை. "பொட்டியோட கொண்டாங்க சார், நானே மாட்டித் தரேன், பழைய ஸ்பீக்கரோட சேந்து எப்படிக் கேக்குதுன்னும் பாத்துரலாம்" என்றார். நான் என்ன செய்கிறவன் என்று அவருக்குச் சொன்னேன். கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

வீட்டில் மாட்டியபோது சித்தப்பாவுக்கு மூக்கடைத்திருந்தது. வயிற்றிலிருந்து பேசுகிறவர் தொண்டைக்குக் கீழே இறங்கவே இல்லை. திரும்பக் கொண்டுபோனேன். கடை மேஜையில் அதே சித்தப்பா கணீரென்று பேசினார். கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். அவர் நல்ல மனுஷன், பெரியப்பாவை மாற்றிக் கொடுத்தார். பெரியப்பாவும் வீட்டுக்கு வந்ததும் கிசுகிசுத்தார். மறுபடி போனேன், மறுபடி மேஜையில் எல்லாம் நன்றாகக் கேட்டது. சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. அண்ணன் சொன்ன அதே வார்த்தை கடைவாசலில் வைத்து எனக்கு ஞாபகம் வந்தது. புது மாப்பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தே வந்தேன்.

அந்த மூன்று வாரமும் நான் செய்த கோமாளித்தனங்களைச் சொன்னால் வெட்கக்கேடு. ஃப்ரிட்ஜின் மேல் காதை வைத்து மோட்டார் ஓடுகிறதா என்று கேட்பேன். கேட்கும். கேட்கும் என்று தெரிந்திருப்பதால் கேட்கிற மாதிரி இருக்கிறதோ என்று சந்தேகம் வரும். குழுவில் ஆம்ப் ரிப்பேர் என்று சொல்லிவிட்டு மண்டபத்து சவுண்ட் சிஸ்டத்திலேயே நேராகச் சொருகி வாசித்தேன்; அந்தக் கூட்டச் சத்தத்தில் எது கேட்டது, எது கேட்கவில்லை என்று சொல்லத் தெரியவில்லை. யாரையாவது வீட்டுக்குக் கூப்பிட்டு, இதில் அடி கேட்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அதைத்தான் கேட்கவில்லை. நன்றாகத்தானே கேட்கிறது என்று அவர்கள் சொல்லிவிட்டால் என் கதை முடிந்தது. மனைவியிடம் கூட வாய் திறக்கவில்லை. காது டாக்டரிடம் போகலாம்தான், போனால் தெரிந்துவிடுமே.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, புது மாப்பிள்ளையும் கைவிட்ட பிறகு, நான் கம்பியைத் தட்டுவதும், ஒரு விரலால் இடது காதை அடைத்துக் கேட்பதும், மறுபடி தட்டி வலது காதை அடைத்துக் கேட்பதுமாக இருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அண்ணன் வாசலில் நின்றிருந்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மதியச் சாப்பாட்டுக்கு வருவார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"எத்தனை நாளா?" என்றார்.

"என்ன எத்தனை நாளா? ஸ்பீக்கர் மாத்தினேன், அதான்..."

"என்கிட்ட நடிக்காதடா. விரலை வெச்சு வெச்சு எடுத்தியே, அத நான் ஆறு மாசம் பண்ணியிருக்கேன்."

என் மனைவி சமையலறையில் இருந்தாள். அண்ணனுக்குக் கேட்கும்படி பேசினால் அவளுக்கும் கேட்கும். அவர் பக்கத்தில் போய், முகத்துக்கு நேராக நின்று, உதடு தெரியும்படி சொன்னேன். மூணு வாரம். அடி கேக்கல. கடையில கேக்குது, வீட்ல கேக்கல. மூணு ஸ்பீக்கர் மாத்திட்டேன். அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. வழக்கமாக வந்ததும் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றுவார், அதைக் கழற்றினார். பிறகு செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, என் ஆம்பில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். இரண்டு காது மெஷின்களையும் எடுத்து மடியில் வைத்தார்.

அது அவருடைய இடம். காது போன பிறகு என் வாசிப்பை அவர் அப்படித்தான் கேட்பார். சுவரில் சாய்ந்து உட்காருவது போல ஆம்பில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, நாலு பாட்டு முடிந்ததும் "சாப்பிடலாமா?" என்பார். எனக்கு அது ஒரு பாசமான பாவனை என்றுதான் இவ்வளவு நாளும் எண்ணம். பாவம், கேட்கிற மாதிரி காட்டிக்கொள்கிறார் என்று நினைத்திருந்தேன்.

"தட்டு" என்றார்.

தட்டினேன்.

"அதே கம்பியா?"

தலையாட்டினேன். அவர் ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் உள்ளங்கையைப் பெட்டியின் பக்கவாட்டில் அழுத்தினார். இன்னொரு கையைத் தரையில் பதித்தார். டைல் அடியில் பொந்து இருக்கிறதா என்று இப்போதெல்லாம் அப்படித்தான் பார்க்கிறார், உதவியாள் சுத்தியலால் தட்ட, இவர் உள்ளங்கையை வைத்துச் சொல்லிவிடுவார். நான் மறுபடி தட்டினேன். இன்னொரு தடவை, இன்னும் பலமாக.

"அடிக்கலடா" என்றார். "முன்னாடி நீ வாசிச்சப்ப இதே கம்பிக்கு முதுகுத்தண்டுல இங்க வந்து அடிச்சுது. இப்ப மரம் சும்மா இருக்கு, தரைக்கும் வரல. காது இல்ல. பொட்டியிலயே இல்ல."

நான் புரியாதவன் போல நின்றேன். அவர் மெஷின்களை மாட்டிக்கொள்ளாமலே, தன் குரல் எவ்வளவு சத்தமாகப் போகிறது என்று தெரியாமலே, வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "உன் காதுக்கு ஒண்ணும் இல்லடா! சத்தமே வரலங்கிறேன்! வராத சத்தம் எப்படிக் கேக்கும்?"

மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "யாருக்குக் காதுல என்ன?" என்றாள். அவள் அங்கேயே நின்றுகொண்டாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை, மூக்கு மட்டும் ஒழுகியது.

அதற்குப் பிறகு கோளாறைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம்தான் ஆனது. பயம் போனதும் மூளை வேலைக்குத் திரும்பிவிட்டது. பின்பலகையைக் கழற்றி டார்ச் அடித்தேன். பழைய ஸ்பீக்கரில் ஒயர் மாட்டும் இரண்டு முனைகளில் வலது முனையில் சிவப்புப் புள்ளி, சிவப்பு ஒயர் அங்கேதான் போக வேண்டும் என்பதற்கு அடையாளம். புதிதில் சிவப்புப் புள்ளி இடது முனையில் இருந்தது. கம்பெனி வேறு, அவர்கள் வழக்கம் வேறு. நான் புள்ளியைப் பார்க்கவே இல்லை, போட்டோவைத்தான் பார்த்தேன். வலது என்றால் வலது. மூன்று தடவையும், மூன்று ஸ்பீக்கருக்கும், அதே போட்டோவைப் பார்த்து, அதே தப்பை, ஒரு இம்மி பிசகாமல் செய்திருக்கிறேன். டார்ச்சிலிருந்து ஒரு செல்லை உருவி ஒயரில் தொட்டுக் காட்டினேன். அண்ணன் இரண்டு ஸ்பீக்கர் தாளிலும் ஒவ்வொரு விரலை வைத்தார். ஒன்று முன்னால் வந்தது, மற்றது பின்னால் போனது. இரண்டும் சேர்ந்து தள்ளினால்தான் காற்று அசையும். இங்கே ஒன்று தள்ளத் தள்ள மற்றது இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. மெல்லிய சத்தம் எப்படியோ தப்பி வெளியே வந்துவிடும், கனமான சத்தம் பெட்டி வாசலிலேயே தீர்ந்துபோகும். கடை மேஜையில் ஒற்றை ஸ்பீக்கர்தானே, இழுக்க ஆள் இல்லை, அதனால் அங்கே எல்லாம் நன்றாகக் கேட்டது.

ஒயர் இரண்டையும் மாற்றி மாட்டினேன். அண்ணன் அவருடைய இடத்தில் சாய்ந்தார். ஆறாவது கம்பியைத் தட்டியதும் அலமாரிக் கண்ணாடி கிடுகிடுத்தது, வாஷர் டப்பா ஒரு அங்குலம் நகர்ந்தது, மனைவி "அய்யோ, கொறைங்க, பக்கத்து வீட்ல குழந்தை தூங்குது!" என்றாள். நான் குறைக்கவில்லை. அன்றைக்கு ஒரு நாள் குழந்தை எழுந்தால் எழுந்துகொள்ளட்டும். அண்ணன் கண்ணை மூடியபடி கையை மட்டும் சுழற்றினார், இன்னும் இன்னும் என்று.

சாப்பிட்டு முடித்து இரண்டு பேரும் பின்கட்டில் நின்றிருந்தோம். மெஷின்களை மாட்டியிருந்தார். அவருக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது, தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?" என்றார்.

"சொல்லு."

"ரொம்ப நாளா உன்னை நான் டெஸ்ட் பண்ணிட்டுதான் இருக்கேன். வரும்போதெல்லாம் உன் பின்னாடி நின்னு அடித்தொண்டையில எதையாவது முணுமுணுப்பேன். மழை வருமான்னு, செருப்பு வார் பிஞ்சுடுச்சுன்னு. நீ திரும்பிட்டேன்னா அப்பாடான்னு இருக்கும். அப்புறம்தான் சோறே இறங்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை தடவை திரும்பியிருக்கிறேன், எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறேன். என்ன அண்ணா, வாய்க்குள்ளயே பேசுற, சத்தமாத்தான் பேசேன் என்று. காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரல் அளவு தெரியாது, அதுதான் என்று நானே காரணமும் வைத்திருந்தேன்.

"அப்பாகிட்டேர்ந்து எனக்கு வந்துச்சு. சரி, வந்துச்சு, பரவால்ல. எனக்குக் கை இருக்கு, தொட்டுப் பாத்துக்குவேன். நீ என்ன பண்ணுவ?" அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "காலைல அந்த விரலைப் பாத்ததும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. வாசல்லயே திரும்பிப் போயிடலாமான்னு இருந்துச்சு."

நான் அவர் தோளில் கை வைத்தேன். எங்கள் குடும்பத்தில் அதுவே அதிகம். "இனிமே பண்ணாதே. எதாருந்தாலும் நானே வந்து சொல்றேன்" என்றேன். "பண்ணல, பண்ணல" என்றார்.

மறுநாள் வேலை முடிந்ததும் பெட்டியோடு கடைக்குப் போனோம். அண்ணன் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார். கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன், மறைக்காமல் போட்டோவையும் காட்டினேன். அவர் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார், பிறகு பாடுபடுவதை விட்டுவிட்டார். "பொட்டியோட கொண்டாங்கன்னு அன்னைக்கே சொன்னேனே சார்" என்று மூன்று தடவை சொன்னார். சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. அப்புறம் கடையின் முன்பக்க ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நாலு ஸ்பீக்கரையும் ஒவ்வொன்றாக என் பெட்டியில், பழைய ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், சிவப்புப் புள்ளி பார்த்து மாட்டிக் காட்டினார்.

அந்த ஒரு மணி நேரத்தைப் போல நான் எதையும் அனுபவித்ததில்லை. சித்தப்பா வந்தார், மூக்கடைப்பு போய்விட்டிருந்தது. பெரியப்பா வந்தபோது அண்ணன் பெட்டியில் சாய்ந்தபடி "இதான், இதான், முடிச்சுடு" என்றார். எனக்கு அது அதிகம், என் பழைய ஸ்பீக்கரைப் பேசவே விடவில்லை. புது மாப்பிள்ளை நல்ல பிள்ளை, அவ்வளவுதான். ஆச்சரியம் மாமியார்தான். தனியாக இருந்தபோது காதைக் குத்திய குரல், பழைய ஸ்பீக்கரோடு சேர்ந்ததும் ஒவ்வொரு கம்பியையும் பிரித்துப் பிரித்துக் காட்டியது. சித்தப்பாவா மாமியாரா என்று முடிவுக்கு வரமுடியவில்லை. உண்மையைச் சொன்னால் வர விருப்பமும் இல்லை. இதற்கும் அதற்கும் வித்தியாசம் தெரிகிறது, தெரிகிறது என்று உள்ளே ஒருவன் குதித்துக்கொண்டிருந்தான். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று நான் கேட்கக் கேட்க, கடைக்காரர் திருகாணியைக் கழற்றியும் மாட்டியும் அலுத்து, "சார், கல்யாணத்துக்கே இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டீங்க" என்றார்.

கடைசியாக ஒரு தடவை என்று சித்தப்பாவை மாட்டச் சொல்லி, கடைக்காரர் கையிலேயே கிடாரைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். முன்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். அவர் சுமாராகத்தான் வாசித்தார், ஆனால் சத்தமாக வாசித்தார். கனமான கம்பி என் நெஞ்சில் வந்து வந்து மோதியது. அதற்கு நடுவில், எனக்குப் பின்னால் கொஞ்சம் தூரத்திலிருந்து, அடித்தொண்டையில் ஒரு முணுமுணுப்பு.

"குடை எடுத்துட்டு வந்திருக்கலாம்."

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் கடைசி அலமாரிக்குப் பக்கத்தில், கூரையிலிருந்து தொங்கிய ஒயர்க் கட்டுகளை ஒன்று ஒன்றாக எண்ணுகிறவர் போல, அண்ணாந்து நின்றிருந்தார்.